முதல் குண்டு எங்கே விழும்? துப்பாக்கிக் குழலின் சூடும் கசடும்

சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்த எவரிடமும் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சுட்டதைவிடத் துடைத்ததைத்தான் அதிகம் சொல்வார்கள். சுடுதளமான ரேஞ்சிலிருந்து திரும்பியதும் ஃபிளானலெட் துணியை வெட்டி, எண்ணெய் தொட்டு, குழலுக்குள் விட்டு இழுத்து, துணி வெள்ளையாக வரும்வரை விடாமல் துடைக்க வேண்டும். சார்ஜண்ட் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அது ஆயுதக் கிடங்கான ஆர்ம்ஸ்கோட்டுக்குள் போகும். எம்16 காலத்திலும் சரி, 1999-ல் அறிமுகமான சார் 21 காலத்திலும் சரி, இந்த வேலை மட்டும் மாறவே இல்லை.

நம் ஊரில் வேட்டை கிடையாது. ஆனால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறிய அண்ணன், மாமா வீட்டுக்குப் போய், முறைப்படி உரிமம் எடுத்து, அவர்களோடு மான் வேட்டைக்கோ காட்டுப்பன்றி வேட்டைக்கோ போகிறவர்கள் உண்டு. விக்டோரியா மாநிலத்து மலைக்காடுகளில் கடமான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுபோய் விடப்பட்ட மான்களின் வம்சம் அது. நம் மண்டாய் சாலையோரத்தில் இரவில் தலைகாட்டுகிறதே, அதே இனம்தான்.

அப்படிப் போகிறவர், வேட்டைக்கு முதல் நாள் இரவு பழக்கதோஷத்தில் குழலைப் பளபளவென்று துடைத்து, மெல்ல எண்ணெயும் பூசி வைக்கிறார். மறுநாள் காலை முதல் குண்டு அவர் குறிவைத்த இடத்துக்குப் போவதில்லை. துப்பாக்கி பழுதா, குறிபார்க்க அதன்மேல் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப் நகர்ந்துவிட்டதா என்று குழம்புகிறார். இரண்டும் இல்லை. குழலின் சூடும், குழலுக்குள் படியும் கசடும் குண்டின் பாதையை எப்படி மாற்றுகின்றன என்பது தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. வேட்டையில் இது வெறும் மதிப்பெண் விஷயமும் அல்ல. குண்டு பத்து சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் ஒரு விலங்கு காயத்தோடு ஓடி, மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகும். அதனால்தான் இதை நிதானமாகப் புரிந்துகொள்வது அவசியம் என்கிறேன்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள் தோட்டா. அதிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும் குண்டு. வேட்டைக் குண்டு பெரும்பாலும் ஈய உடலும், அதன்மேல் செம்புக் கலவை உறையும் கொண்டது. குழலின் உள்பக்கத்தில் திருகுபோல ஓடும் வரிகள் உண்டு. குண்டு அந்த வரிகளில் இறுக்கமாகப் பதிந்து சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. அந்தச் சுழற்சிதான் அதை நேராகப் பறக்க வைக்கிறது.

சூடு எங்கிருந்து வருகிறது

வேட்டைக்காரர்களிடம் பரவலாக இருக்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஏறத்தாழ 3 கிராம் மருந்து. அது எரியும்போது வாயுவின் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது. உருக்கு உருகுவது 1,500 டிகிரி அளவில். அப்படியானால் குழல் ஏன் உருகவில்லை? குண்டு குழலைக் கடக்க ஆயிரத்தில் ஒரு விநாடியைச் சற்றே தாண்டிய நேரம்தான் ஆகிறது. குழலின் உள்தோல் மட்டும் ஒரு கணம் கடுமையாகச் சூடாகி, அந்தச் சூடு உடனே உருக்கின் ஆழத்துக்குள் இறங்கிவிடுகிறது. வெளிப்பக்கம் வந்து சேர இரண்டு மூன்று விநாடிகள் ஆகும். சுட்டவுடன் தொட்டால் ஒன்றும் தெரியாமல், கொஞ்சம் பொறுத்துத் தொட்டால் கதகதவென்று இருப்பது இதனால்தான்.

மருந்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போலக் குண்டோடு போகிறது. இன்னொரு பெரும்பங்கு சூடான வாயுவாக முனை வழியே வெளியேறுகிறது. மிச்சம், அதாவது கால் பங்கை ஒட்டிய அளவு, குழலுக்குள் தங்குகிறது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடையுள்ள வேட்டைக் குழலுக்கு ஒரு குண்டுக்குச் சராசரியாக 5 டிகிரி ஏறும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். தோட்டா அறைக்கு, அதாவது தோட்டா உட்காரும் பின்பகுதிக்கு, அருகே இதைவிடக் கூடும், முனைப்பக்கம் குறையும். 30 டிகிரி வெயிலில் நின்று பத்து குண்டை விடாமல் சுட்டால் குழல் 80 டிகிரியைத் தொட்டுவிடும். 50 டிகிரியைத் தாண்டிய உலோகத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ரேஞ்சில் தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே போதுமான அளவுகோல்.

சூடானால் குழலுக்கு என்ன ஆகிறது? குழலின் துளை சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உருக்கு உப்புகிறதே, உள்ளே இருக்கும் ஓட்டை சிறுத்துத்தானே போகும் என்பது அவர்கள் வாதம். இறுகிப்போன ஊறுகாய் பாட்டிலின் இரும்பு மூடியை வெந்நீரில் காட்டினால் அது தளர்ந்து கழன்று வருகிறதல்லவா? அதேபோலக் குழல் சூடானால் துளையும் சேர்ந்து விரியத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு என்று பார்த்தால், 100 டிகிரி ஏற்றத்துக்கு 7.62 மி.மீ. துளை விரிவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 60 செ.மீ. குழல் நீள்வது முக்கால் மில்லிமீட்டர். விரிவு எல்லாப் பக்கமும் சமமாக நடந்தால் குண்டின் பாதையை இது பெரிதாகப் பாதிக்காது.

சிக்கல், விரிவு சமமாக நடக்காதபோதுதான். குழலைத் துளையிடும்போதும், உள்வரிகளை அழுத்தி உருவாக்கும்போதும் உருக்குக்குள் இறுக்கங்கள் மாட்டிக்கொள்கின்றன. நல்ல தயாரிப்பாளர்கள் குழலை உலையில் வைத்து மெதுவாகச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு அந்த இறுக்கத்தைப் போக்குகிறார்கள். அது அரைகுறையாக நடந்திருந்தால், குழல் சூடாகும்போது உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் ஒரு பக்கமாக இழுக்கும். துளை குழலின் நட்டநடுவில் இல்லாமல் ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும், மெல்லிய பக்கம் ஒரு வேகத்திலும் தடித்த பக்கம் வேறொரு வேகத்திலும் சூடாகும். குழல் மெல்ல வளையும்.

எவ்வளவு வளைந்தால் ஆபத்து? 60 செ.மீ. குழலின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால் போதும். 100 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 1.7 செ.மீ. தள்ளி விழும். 300 மீட்டரில் 5 செ.மீ. குழல் கோலாகச் சாயாமல் வில்லாக வளைந்தால் முனை பார்க்கும் கோணம் இன்னும் கூடுவதால், இதைப்போல இரு மடங்கும் ஆகலாம். கண்ணால் பார்த்து இந்த வளைவை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தாளில் விழும் ஓட்டைகள் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். முதல் குண்டு நடுவில், இரண்டாவது அதற்கு மேலே, மூன்றாவது இன்னும் மேலே வலப்பக்கம் என்று ஓட்டைகள் ஒரே திசையில் ஊர்ந்து போனால் அது குழலின் சூடு. நாலாபக்கமும் சிதறினால் அது வேறு காரணம். பெரும்பாலும் சுடுகிறவரின் கை.

இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. ஐந்து ஓட்டைகளையும் ஒரே கூட்டமாகப் பார்த்து, இவ்வளவு அகலம் என்று அளந்துவிட்டுப் போனால் எந்த வரிசையில் அவை விழுந்தன என்ற செய்தியே தொலைந்துபோகும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஸ்கோப் வழியாகப் பார்த்து, கையிலிருக்கும் சிறு தாளில் 1, 2, 3 என்று எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அகலமுள்ள இரண்டு கூட்டங்கள் முற்றிலும் வெவ்வேறு கதை சொல்லும்.

வேட்டைத் துப்பாக்கிகளில் இந்தத் தொல்லை அதிகம் வருவதற்குக் காரணம் குழல் ஒல்லி என்பதுதான். மலையேறித் தூக்கித் திரிய வேண்டிய துப்பாக்கி என்பதால் எடையைக் குறைக்கிறார்கள். போட்டித் துப்பாக்கிகளின் தடித்த குழல் மெதுவாகச் சூடாகும், வளையவும் அடம்பிடிக்கும். ஆனால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்க முடியாது.

கட்டை தொட்டால்

குழலுக்கு அடியில் நீளும் கட்டை இன்னொரு குற்றவாளி. பழைய மரக்கட்டைகளில் குழல் ஓரிடத்தில் மரத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். குழல் சூடாகி விரியும்போது மரத்தின்மேல் அழுந்தும், மரம் பதிலுக்குத் தள்ளும். குண்டு திசை மாறும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பினாலும் இதே கதைதான். அதனால் இப்போது பெரும்பாலான துப்பாக்கிகளில் தோட்டா அறையைத் தாண்டியதும் குழல் எதையும் தொடாமல் நிற்கும்படி இடைவெளி விடுகிறார்கள்.

உங்கள் கையிலிருக்கும் துப்பாக்கி அப்படி இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, 2 வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் முனைப்பக்கமாகச் செருகி, தோட்டா அறைப் பக்கம் இழுத்துக்கொண்டே வாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. எங்காவது மாட்டினால் அந்த இடத்தில்தான் கட்டை தொடுகிறது. நோட்டு லேசாகப் போகிறதே என்று விட்டுவிடாமல், சுடும்போது கை எப்படிக் கட்டையைப் பிடிக்குமோ அப்படி அழுத்திப் பிடித்தும் ஒருமுறை பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் கட்டைகள் கை அழுத்தத்தில் வளைந்து குழலைத் தொடும்.

கண்ணையும் ஏமாற்றும்

சூடு குழலை வளைக்காவிட்டாலும் இலக்கை இடம் மாற்றிக் காட்டும். சூடான குழலிலிருந்து எழும் காற்று ஸ்கோப்புக்கு நேர் முன்னால் நெளிகிறது. கோடையில் சாலைமேல் தெரியும் கானல்தான் இதுவும். இலக்கு ஆடுவது மட்டுமல்ல, மொத்தமாகக் கொஞ்சம் உயர்ந்த மாதிரியும் தெரியலாம். காற்றில்லாத நாளில் இது மோசம். போட்டிக்காரர்கள் குழலின்மேல் நீளமாக ஒரு பட்டையைக் கட்டி அந்த நெளிவை ஓரம் தள்ளுவார்கள். வேட்டைக்காரருக்கு அது தேவைப்படாது. குழல் ஆறும்வரை காத்திருந்தால் போதும்.

தோட்டாவும் சூடாகும். சூடான தோட்டா அறையில் ஒரு தோட்டாவை நுழைத்துவிட்டு, காற்று அடங்கட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தால் உள்ளிருக்கும் மருந்து சூடேறி வேகமாக எரியும், அழுத்தம் கூடும், குண்டின் வேகமும் கூடும். ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்கும் எக்ஸ்ட்ரீம் வகை மருந்துகள் வெப்பம் மாறினாலும் வேகம் அதிகம் மாறாதபடி செய்யப்பட்டவை. அவை தயாராவது ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஊர் ஆலையில். எந்த மருந்தாக இருந்தாலும், சுடத் தயாராகும் வரை தோட்டாவை அறைக்குள் விடாதிருப்பது பாதுகாப்புக்கும் நல்லது, குறிக்கும் நல்லது.

சூட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று: தேய்மானம். சூடான குழலில் தொடர்ந்து சுட்டால் உள்வரிகள் தொடங்கும் இடத்தில் உருக்கு நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்து அரிக்கப்படும். .308 போன்ற மிதமான தோட்டாவில் ஒரு குழல் சில ஆயிரம் குண்டுகள் தாங்கும். சிறிய துளை வழியே நிறைய மருந்தை எரிக்கும் வேகத் தோட்டாக்களில் அதில் பாதிகூடத் தாங்காது.

கசடு: கரியும் செம்பும்

பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகக் காற்றுத் துப்பாக்கி சுட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதில் மருந்தே கிடையாது என்பதால் சூடும் இல்லை, கரியும் இல்லை. 50 மீட்டர் போட்டிகளின் .22 தோட்டாவில் மருந்து மிகக் கொஞ்சம், வேகமும் குறைவு. 2018 கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் மார்ட்டினா வெலோசோ இந்த இரண்டு வகையிலும் தங்கம் வென்றார். அந்த வகைத் துப்பாக்கிகளில் பழகியவர்களுக்கு வேட்டைத் துப்பாக்கியின் கசடு முற்றிலும் புதுப் பாடம்.

இந்தக் கசட்டின் கதை பழையது. கறுப்பு வெடிமருந்துக் காலத்தில் மருந்தின் எடையில் பாதிக்கு மேல் எரிந்த பின்னும் திடக் கசடாகவே மிஞ்சும். சில குண்டுகள் சுட்டதும் குழல் அடைத்துக்கொண்டு அடுத்த குண்டு உள்ளே இறங்காது. 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் கொழுப்பு தடவியதற்குக் காரணமும் இதுதான். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கவும், கசடு இறுகாமல் மென்மையாக இருக்கவும் அந்தப் பூச்சு வேண்டியிருந்தது. அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவி 1857-ல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது நமக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வில்லியம் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர் கசடு தங்காதபடி ஆழமற்ற, ஓரம் மழுங்கிய உள்வரிகளை வடிவமைத்தார். கறுப்பு மருந்துக்கு அருமையான தீர்வு. ஆனால் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கி புழக்கத்துக்கு வந்த கொஞ்ச காலத்தில் புகையில்லாத கார்டைட் மருந்து வந்துவிட்டது. கசடு குறைந்தது, சூடு எகிறியது. அந்த மழுங்கிய வரிகளைக் கார்டைட்டின் சூடு சீக்கிரமே தின்றுவிட்டதால், 1895-ல் ஆழமான வரிகளோடு லீ-என்ஃபீல்டு வந்தது. கசடு, சூடு என்ற இரண்டு எதிரிகளுக்கும் நடுவில் குழல் செய்கிறவர்கள் படும் பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்றைய வேட்டைக் குழலில் படிவது இரண்டு. ஒன்று கரி. மருந்து எரிந்த மிச்சம், தோட்டா அறையை ஒட்டிய பகுதியில் அதிகம் படியும், சூட்டில் வெந்து ஓடுபோல இறுகும். இன்னொன்று செம்பு. குண்டின் உறை உள்வரிகளில் உரசும்போது மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். முனையில் விளக்கடித்துப் பார்த்தால் வரிகளின் மேடுகளில் இளஞ்சிவப்பாக மின்னுவது தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கசடு என்றாலே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பின்போது குழலின் உள்பரப்பில் நுண்ணிய கீறல்கள், மேடுபள்ளங்கள் இருக்கும். முதல் சில குண்டுகள் விட்டுப்போகும் மெல்லிய பூச்சு அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமப்படுத்துகிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு குண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரியான பரப்பில் உரசிக்கொண்டு போகிறது, ஒரே வேகத்தில் வெளியேறுகிறது. துல்லியம் என்பதே இந்த ஒரே மாதிரித்தன்மைதான். சுத்தமாகத் துடைத்த குழலில் முதல் குண்டு வெறும் உருக்கில் உரசுகிறது. எண்ணெய் மிச்சமிருந்தால் எண்ணெய்ப் படலத்தில் வழுக்குகிறது. இரண்டாவது குண்டு பாதிப் பூச்சில் போகிறது. மூன்று, நான்கு, ஐந்து ஆன பிறகுதான் ஓட்டைகள் வழக்கமான இடத்தில் கூடத் தொடங்கும். சில குழல்களுக்கு ஒரே குண்டு போதும், சில கரடுமுரடான குழல்களுக்குப் பத்து வேண்டும்.

பூச்சு எல்லை மீறினால் கதை தலைகீழாகும். செம்பு திட்டுத்திட்டாகத் தடிக்கும், கரி தோட்டா அறைக்கு முன்னால் வளையம்போல இறுகும், குண்டு ஒரே சீராகப் போகாது. எத்தனை குண்டுக்குப் பிறகு இது நடக்கும் என்பது குழலுக்குக் குழல் மாறும். தாளில் ஓட்டைகளின் கூட்டம் வழக்கத்தைவிட விரிந்துகொண்டே போனால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது. நாள் கணக்கு, குண்டு கணக்கு பார்த்துத் துடைப்பதைவிட இந்த அடையாளத்தை நம்புவது மேல்.

ராணுவம் சொன்னது தப்பா

இல்லை. ராணுவத்தின் தேவை வேறு. தானாகத் தோட்டா மாற்றிக்கொள்ளும் துப்பாக்கி, மருந்து வாயுவின் உதவியால் இயங்குகிறது. எம்16 அந்த வாயுவை நேராகத் தன் உள்ளறைக்கே கொண்டுவருவதால் கரி எல்லாம் அங்கேதான் சேரும். வியட்நாம் போரில் 1966, 67 வாக்கில் மருந்து வகையை மாற்றியதும், துடைக்கும் கருவிகளைச் சரியாகக் கொடுக்காததும், தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததும் சேர்ந்து அந்தத் துப்பாக்கிகள் சண்டைக்கு நடுவில் சிக்கிக்கொண்டன. வீரர்கள் அதற்கு உயிரைக் கொடுத்தார்கள். எந்த ராணுவமும் அந்தப் பாடத்தை மறக்காது. அதோடு நம் ஊர்க் காற்றின் ஈரம். வருட முழுக்கச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். கரி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதன் அடியில் உருக்கு துருப்பிடிக்கும்.

பிரிட்டிஷ் ராணுவம் மலாயாவில் இருந்த காலத்தில் இது இன்னும் கொடுமை. அன்றைய தோட்டாக்களின் தீப்பொறி மருந்து எரிந்ததும் ஒருவகை உப்பை விட்டுப்போகும். எண்ணெயில் அது கரையாது. அதனால் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த உப்பு கிடையாது.

ஆக, ராணுவத் துப்பாக்கி சிக்காமல் சுட வேண்டும், பல மாதம் துருப்பிடிக்காமல் அடுக்கில் இருக்க வேண்டும். வேட்டைத் துப்பாக்கியோ ஆறிய குழலோடு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டு சுடும். அந்த ஒன்று சரியான இடத்தில் விழ வேண்டும். அதற்குப் பளபளக்கும் குழலைவிட, இரண்டு மூன்று குண்டு சுட்டு லேசாகக் கசடு படிந்த குழலே நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறையில் என்ன செய்யலாம்

ரேஞ்சில் ஸ்கோப்பைச் சரிபார்க்கப் போகும்போது புதியவர்கள் செய்வது, பெட்டித் தோட்டாவையும் அரைமணி நேரத்தில் சுட்டுத் தீர்த்து, கடைசி ஐந்து ஓட்டைகளைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகுவது. அந்தக் கடைசி ஐந்தும் கொதிக்கும் குழலின் ஓட்டைகள். வேட்டையில் அந்தக் குழல் உங்களிடம் இருக்கப் போவதில்லை. மூன்று குண்டு சுடுங்கள், தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்து, முனை மேலே பார்க்க ரேக்கில் நிமிர்த்தி வையுங்கள். உள்ளே சூடான காற்று மேலெழுந்து குளிர்ந்த காற்று கீழிருந்து வரும், சீக்கிரம் ஆறும். வெயிலில் வைக்காதீர்கள். குழலைக் கையால் பிடித்தால் சூடே உறைக்காத நிலை வந்த பிறகு அடுத்த மூன்று. சிங்கப்பூர் மாதிரி காற்றே அசையாத வெக்கையில் இதற்கு நேரம் பிடிக்கும், விக்டோரியாவின் குளிர்காலத்தில் சட்டென்று ஆறிவிடும்.

அப்புறம், ஆறிய குழலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரே தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் முதல் குண்டை மட்டும் அந்தத் தாளில் சுட்டு, பக்கத்தில் தேதியையும் குழல் துடைத்ததா துடைக்காததா என்பதையும் எழுதி, தாளைச் சுருட்டி எடுத்து வந்துவிடுங்கள். நாலைந்து தடவை ஆனால் அந்தத் தாளில் ஒரு கூட்டம் தெரியும். உங்கள் வேட்டைத் துப்பாக்கியின் உண்மையான குறி அதுதான். துடைத்த குழலின் ஓட்டைகள் ஒரு பக்கமும் துடைக்காததன் ஓட்டைகள் இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால், எந்தப் பக்கம் நம்புவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

முதல் குண்டின் விலகலில் உங்கள் பங்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆறிய குழல் மட்டுமல்ல, ஆறிய தோளும் கண்ணும்தான் அந்தக் குண்டைச் சுடுகின்றன. முதல் தடவை விசையை இழுக்கும்போது உடம்பு அதிர்ச்சியை எதிர்பார்த்து இறுகும். குழலைக் குறை சொல்லும் முன், காலித் துப்பாக்கியில் விசையை இழுத்துப் பழகிவிட்டுச் சோதித்தால் எது யாருடைய தவறு என்று பிரியும்.

இந்த விலகல்கள் எவ்வளவு பெரியவை? நன்றாகச் செய்யப்பட்ட, கட்டை தொடாத குழலில் 100 மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். கடமானின் நெஞ்சுப் பகுதி அதைவிடப் பல மடங்கு பெரிது. அந்தத் தூரத்தில் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. 250, 300 மீட்டருக்குப் போனால் இதே விலகல் மும்மடங்காகி, காற்று, மூச்சு, சாய்வு எல்லாவற்றோடும் சேர்ந்துகொள்ளும். புதியவர் அவ்வளவு தூரத்தில் விலங்கைச் சுடாமல், இன்னும் நெருங்கிப் போவதே நியாயம்.

துடைப்பதைப் பொறுத்தவரை, துணி தோட்டா அறைப் பக்கமிருந்து முனைப்பக்கம் போக வேண்டும். முனையின் விளிம்பில் கம்பி உரசினால் வரும் சேதம் எந்தக் கசடையும்விட மோசமானது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். முதலில் வரும் துணிகள் கறுப்பாக இருந்தால் அது கரி. அமோனியா கலந்த செம்புக் கரைப்பானைத் தடவி, புட்டியில் சொன்ன நேரம் வைத்திருந்து துடைத்தால் துணி நீலமாகவோ நீலப்பச்சையாகவோ வரும். அது செம்பு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. துணியைப் பிடிக்கும் கம்பி முனை பித்தளையில் இருந்தால் கரைப்பான் அதையும் கரைத்து நீலம் காட்டும். குழல் எப்போதோ சுத்தமாகிவிட்டிருக்க, நீலம் போகவில்லையே என்று தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். பிளாஸ்டிக் அல்லது நிக்கல் பூசிய முனை வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்த வாடை மூக்கைப் பிளக்கும்.

வேட்டைக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ரேஞ்சில் மூன்று நான்கு குண்டு சுட்டு, குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, குழலின் உள்ளே தொடாமல் வெளிப்பக்கம் மட்டும் துடைத்து எடுத்துப் போங்கள். குளிரில் அலைந்துவிட்டு, ஹீட்டர் ஓடும் அறைக்குள் துப்பாக்கியை நேராகக் கொண்டுபோனால் குழலின் உள்ளும் புறமும் வேர்த்துவிடும். உறையோடு மூடி வைத்து அறைச் சூட்டுக்கு மெதுவாக வரவிடுங்கள், இல்லையேல் பூட்டிய பெட்டியிலேயே குளிரில் விட்டுவிடுங்கள். மழையில் நனைந்துவிட்டால் மட்டும் உலர்ந்த துணி ஒன்றை ஒருமுறை குழலுக்குள் விட்டு எடுங்கள், எண்ணெய் வேண்டாம். வேட்டையெல்லாம் முடிந்து துப்பாக்கியை அலமாரியில் வைக்கும் அன்று, சார்ஜண்ட் சொல்லித் தந்தபடி வெள்ளைத் துணி வரும்வரை துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசி வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் முழுவதும் எடுத்துவிட்டு, குழலில் ஏதும் அடைத்திருக்கவில்லை என்று பார்த்து, ரேஞ்சில் மறுபடியும் அந்த மூன்று நான்கு குண்டைச் சுட்ட பிறகே காட்டுக்குக் கிளம்புங்கள்.